நாங்கள் கொடுத்த அங்கீகாரம்

1

குவைத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்டால் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆவணப் பிரிவு. வேலைக்கு வருகிறவர்களின் பட்டச் சான்றிதழ்கள் என் மேசைக்கு வந்து சேரும். ஒவ்வொன்றையும் முதலில் திருப்பி முதுகைப் பார்ப்பேன். மாநில அரசின் முத்திரை, டெல்லி முத்திரை, தூதரக ஸ்டிக்கர், கடைசியாக இந்த நாட்டு அமைச்சக முத்திரை. இவை எல்லாம் முதுகில்தான் இருக்கும். முன்பக்கத்தில் பொன்னிற எழுத்தும் கோபுரமும் தாமரையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

போன வாரம் ஒரு சான்றிதழ் சரிபார்ப்பிலிருந்து திரும்பி வந்தது. மின் பொறியியல் பட்டம். கூடவே அரபியில் ஒரு வரி: படித்த இடமும் பட்டம் கொடுத்த இடமும் ஒத்துப்போகவில்லை. உரியவனை அழைத்தேன். பெயர் பிரசாத், வரதய்யபாளையத்துக்காரன். எலக்ட்ரீஷியனாக வந்தவன், இன்ஜினியர் பதவிக்கு மனுப் போட்டிருந்தான். நானும் சித்தூர் மாவட்டம் என்று தெரிந்ததும் நாற்காலியில் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தான்.

"எங்க படிச்ச?"

"திருப்பதி சார்."

"இதுல வடக்க ஒரு ஸ்டேட் பேரு இருக்கே."

"யூனிவர்சிட்டி அங்க சார். காலேஜ் திருப்பதியில."

"அங்க எப்பவாவது போனியா?"

"இல்ல சார். பட்டமளிப்பு விழாவுக்குக் கூட்டிக்கினு போறேன்னாங்க. அப்பறம் கூரியர்ல வந்துடுச்சு."

முன்பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் எனக்கு முன்பே தெரியும். என் தங்கை மகள் ஹேமா அதில் மாட்டி வெளியே வந்தவள். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, அவனை அங்கேயே இருக்கச் சொன்னேன்.

2

வெளிநாடு வருவதற்கு முன் திருப்பதியில் ஒரு தெலுங்கு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, கணினியில் ஆங்கிலம். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம்.

தாராளமயம் வந்தபின் என்ன மாறியது என்று என்னைக் கேட்டால், மே மாதம் மாறியது என்பேன். முன்பெல்லாம் மே மாதச் செய்தித்தாளில் வெயில், குடிநீர், மாங்காய் விலை. பிறகு அந்த இடம் முழுக்கக் கல்லூரி விளம்பரம். புத்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் கரும்பும் வேர்க்கடலையும் இருந்த நிலங்களில் கல்லூரிகளின் நுழைவு வளைவுகள் முளைத்தன. பல இடங்களில் வளைவுதான் முதலில் வரும். கட்டடம் சில வருடம் கழித்து வரும், வராமலும் போகும்.

அந்த விளம்பரங்களில் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரு பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது: விளம்பரத்தைக் கீழிருந்து மேலே படிப்பேன். மேலே 'டெல்லி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்று கட்டைவிரல் அளவு எழுத்து இருக்கும். கீழே, மடிப்பில் மறைகிற இடத்தில், 'திருப்பதி தகவல் மையம்' என்று கடுகளவு எழுத்து. அங்கீகாரம் ஒருவருக்கு, அட்மிஷன் போடுவது இன்னொருவர். பொய் என்று எந்தச் சொல்லையும் சுட்டிக்காட்ட முடியாது.

எங்கள் நிருபர் ஒருவர், ஆய்வகமே இல்லாமல் ஆய்வகப் படிப்பு நடத்தும் ஒரு கல்லூரியைப் பற்றி எழுதினார். அந்தச் செய்தி விளம்பரப் பிரிவின் மேசைக்குப் போனது, திரும்பி வரவில்லை. மறுநாள் அதே இடத்தில் அதே கல்லூரியின் அரைப்பக்கம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். இல்லை.

3

ஹேமாவின் வீடு கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். அவள் அப்பா முனிரத்தினம் என் தங்கை தனத்தின் கணவர். அவருடைய அப்பா காலம்வரை சொந்தமாகக் காணி கிடையாது, கூலி வேலைதான். முனிரத்தினம்தான் முதலில் கொஞ்சம் நிலம் வாங்கி மா வைத்தார். காய் முழுக்கச் சித்தூர் கூழ் தொழிற்சாலைக்குப் போகும். ஹேமா தெலுங்கு மீடியத்தில் படித்து, புத்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தாள். ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும், இரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் அவள்.

செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்ட, ஆனால் அதில் போட்டோ அனுப்ப முடியாத காலம் அது. கோடை விடுமுறையில் பி.ஆர்.ஓ.க்கள் கிளம்புவார்கள். பி.ஆர்.ஓ. என்றால் எங்கள் மாவட்டத்தில் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர். இன்டர் தேர்வெழுதியவர்களின் பெயரும் ஊரும் எப்படியோ அவர்கள் பையில் இருக்கும். தங்கை வீட்டுக்கு வந்தவர் பாபு, புத்தூரில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கல்லூரிக் கட்டடத்தின் போட்டோ ஆல்பம், இன்னொரு கையில் திருமலை லட்டு.

அந்த லட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, 'முதல்ல பிரசாதம் எடுத்துக்கோங்கக்கா, பேச்சு அப்பறம்' என்று நீட்டுவாராம். தனம் கையை அலம்பிக்கொண்டு வந்து, கண்ணில் ஒற்றி, பிட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். பிரசாதம் கொண்டுவந்தவரைப் பார்த்து, நீ சொல்வது உண்மையா என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. இது பாபுவுக்குத் தெரியும். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்களுக்கும் தெரியும். ஆல்பத்தில் இருந்த கட்டடம் வடக்கே இருப்பது என்பதை விடவும் இந்த லட்டு விஷயத்தைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

4

குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஊருக்குப் போன் பேசுகிற நாள். தனம் விஷயத்தைச் சொன்னதும் நான் கணினியில் தேடினேன். பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கிற டெல்லி அமைப்பின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் முகவரி இருந்தது. வடக்கே ஒரு மாநிலம். அந்த மாநிலச் சட்டத்தில் பிறந்த பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக்குள்தான் வகுப்பு நடத்த முடியும் என்பது விதி. அப்படியென்றால் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை அல்ல, திருப்பதியில் உள்ள இந்த மையத்தின் அங்கீகாரத்தை. ஆய்வகப் படிப்புக்குத் தனியாக மாநிலத்தின் அனுமதியும் வேண்டும்.

பட்டியலில் இருந்த எண்ணுக்கே போன் போட்டேன். இந்தி நான் இங்கே தங்கும் விடுதியில் கற்றது, இலக்கணம் கேட்காது. எடுத்தவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திருப்பதியா? அங்கே எங்களுக்கு ஒன்றும் இல்லையே" என்றார். எழுத்தில் தர முடியுமா என்றேன். வேறு ஒருவருக்கு இணைத்தார். அந்த வேறு ஒருவர் என்னைப் பேசவே விடவில்லை.

"அட்மிஷனா? எத்தனை பேர் கொண்டுவருவீங்க?"

என்னையும் ஆள் பிடிக்கிறவன் என்று நினைத்துவிட்டார். நான் போனை வைத்தேன். ஒரே அலுவலகத்தில், ஒரு மேசையில் திருப்பதி என்று ஒன்று இல்லை. அடுத்த மேசையில் திருப்பதிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்.

எழுத்தில் எதுவும் என் கையில் இல்லை, காட்ட வேண்டியது அவர்கள்தான் என்று உடனே முனிரத்தினத்தை அழைத்தேன். "மாப்ள, சேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளு. திருப்பதி சென்டருக்கு அங்கீகாரம் இருக்கா, அத காட்டச் சொல்லு. இருந்தாத்தான் சேக்கணும்."

"அங்கீகாரம்தான? கேக்கறேன் மச்சான்."

5

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் குரலில் நிம்மதி இருந்தது.

"போய்ட்டு வந்துட்டோம் மச்சான். நீ சொன்னத மொத வேலையா கேட்டேன். அங்கீகாரம் கீது. அங்கீகாரப் பத்திரமே குடுத்துட்டாங்க. ஜெராக்ஸ் கையில வச்சிக்கினு பேசறேன்."

"யாரு குடுத்தது? டெல்லிலேருந்து வந்ததா?"

"இல்ல, அவங்களே அச்சடிச்சு வச்சிக்கினு கீறாங்க. நான் கையெழுத்து போட்டேன்."

"நீ எதுக்குக் கையெழுத்து போட்ட?"

"பொண்ணோட நைனா நான்தான மச்சான். வேற யாரு போடுவாங்க?"

படிக்கச் சொன்னேன். அவர் கூட்டிக் கூட்டித் தெலுங்கில் படித்தார். "நா குமார்த்தெனு... சேர்ப்பிஞ்சுடக்கு... நேனு அங்கீகரிஸ்துன்னானு." என் மகளைச் சேர்க்க நான் சம்மதிக்கிறேன். அடுத்த வரி: படிப்பு முடியும்வரை அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை நிறுவனம் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அதற்கும் அடுத்த வரி: நடுவில் நின்றால் எல்லா வருடத்துக் கட்டணத்தையும் கட்டச் சம்மதிக்கிறேன்.

தமிழில் அங்கீகாரம் என்றால் அரசு தருகிற ஏற்பு. தெலுங்கில் அதே சொல்லுக்குச் சம்மதம் என்று பொருள். நான் தமிழ்ச் செய்தித்தாளின் சொல்லில் கேட்டேன். முனிரத்தினம் வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், பள்ளி, மண்டல ஆபீஸ், வங்கி எல்லாம் தெலுங்கு. அந்தச் சொல்லை அவர் தமிழில் எங்கும் பயன்படுத்தியதில்லை. அவர் போய் அங்கீகாரப் பத்திரம் கேட்டார், அவர்களும் பேனாவோடு கொடுத்தார்கள். இவருக்கு என்ன தேவை என்று கவுன்டரில் இருந்தவனுக்கும் உண்மையிலேயே புரியாமல் இருந்திருக்கலாம். பாபுவுக்குப் புரிந்திருக்கும். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும், பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

போனில் ஒரு இழுபறி. "குடு நைனா" என்று ஹேமாவின் குரல்.

"மாமா, நீங்க கேக்கச் சொன்னது குர்திம்பா?"

"ஆமா." தமிழில் நாம் அங்கீகாரம் என்பதற்குத் தெலுங்கில் அதுதான் சொல்.

ஜெராக்ஸை முணுமுணுத்துப் படித்தாள். "அப்ப நாம அவங்ககிட்ட கேட்டத நாமளே அவங்களுக்குக் குடுத்துட்டு வந்துட்டோம்."

பத்தாம் வகுப்பு, இன்டர், சாதிச் சான்றிதழ் எல்லாம் அங்கே பீரோவில். அவை இல்லாமல் எந்த அரசுக் கல்லூரியின் கவுன்சலிங்கிலும் உட்கார முடியாது. கவுன்சலிங் நெருங்கிக்கொண்டிருந்தது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகள் ஒரு தாளை நீட்டினாள். பள்ளியில் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்களாம்.

"கன்சென்ட் ஃபார்ம்பா. சைன் பண்ணு."

"தமிழ்ல சம்மதக் கடிதம்னு சொல்லு."

"சம்மதம்னா கல்யாணத்துக்குச் சொல்றதுதானே?" சிரித்தாள். அவளுக்குத் தமிழ் சினிமாவில் கேட்ட அளவுதான் தெரியும். தெலுங்கு அதுவும் இல்லை. அங்கீகாரம், அங்கீகாரப் பத்திரம் கதையைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள்.

"அவங்க ஏன் ஆன்லைன்ல செக் பண்ணல?"

"அப்ப அங்க நெட் இல்ல."

"ஃபோன்ல இங்கிலீஷ்ல கேட்டிருந்தா கன்ஃப்யூஷனே இல்லையே."

ஒரு நிமிடம் அது சரியென்றே எனக்கும் பட்டது. பிறகு முனிரத்தினம் அந்தக் கவுன்டரில் நின்று ஆங்கிலத்தில் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். தாளைக் கீழிருந்து மேலே ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். 'எதுக்குப்பா எல்லாத்தையும் இப்படித் தலைகீழா படிக்கிற' என்று வாங்கிக்கொண்டு போனாள்.

7

சான்றிதழ்களைத் திரும்ப வாங்க மூவரும் போனபோது திருப்பதியில் நடந்ததைத் தனம்தான் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடியே தருகிறேன்.

மையம் ரேணிகுண்டா போகிற சாலையில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். கீழே தாலி கட்டுகிற மேளம் கேட்டுக்கொண்டிருக்க, மேலே அட்மிஷன். மண்டபத்துச் சிவப்பு நாற்காலிகளிலேயே பெற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரதய்யபாளையம், சத்தியவேடு, நகரிப் பக்கத்து ஆட்கள் நிறைய. ஒவ்வொருவர் கையிலும் அதே தாள். டைரக்டர் என்று ஒருவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு வெங்கடாசலபதி படம், மாலை, எரிகிற விளக்கு.

முனிரத்தினம் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டார். டைரக்டர் அந்தப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்து, "மீரே அங்கீகரிஞ்சாரு கதா" என்றார். நீங்கள்தானே சம்மதித்தீர்கள். எல்லா வருடத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். முனிரத்தினம் இரண்டாவது முறை கேட்டபோது, படிக்கிற பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடாதே என்று டைரக்டர் அவருக்கே புத்தி சொன்னார்.

ஹேமா தடுப்பைவிட்டு வெளியே வந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி தெலுங்கில் கேட்டாள்.

"சார், ஈ சென்டர்கி குர்திம்பு உந்தா?"

சார், இந்த மையத்துக்கு அங்கீகாரம் உண்டா. தமிழ்ப் பொருளில்.

"மெல்லகா மாட்லாடம்மா" என்று டைரக்டர் எழுந்து வந்தார். மெதுவாகப் பேசும்மா. உள்ளே வா, பேசலாம்.

"லேது சார். இக்கடே செப்பண்டி." இல்லை, இங்கேயே சொல்லுங்கள்.

தாள்களின் சலசலப்பு நின்றது. கீழே நாதஸ்வரம் மட்டும் கேட்டது என்றாள் தனம். ஹேமா மறுபடி கேட்டாள், இந்த முறை தமிழிலும். "அந்தத் தாள்ல எழுதியிருக்கறது நம்ம சம்மதம். இவங்களுக்கு கவர்மென்ட்டு குடுத்த பர்மிஷன் இல்ல. அத காட்டச் சொல்லுங்க."

டைரக்டர் பாபுவைப் பார்த்தார். பாபு உள்ளே போய் பீரோவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து ஹேமாவின் கையில் திணித்தார். கட்டணமும் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. அவள் அங்கிருந்து போனால் போதும்.

படிக்கட்டுவரை பாபு கூடவே வந்தார். "அக்கா, நான் குடுத்த பிரசாதத்தத் துன்னுட்டு இப்டி பண்றீங்களே. சாமி பாத்துக்கினு கீறாரு."

"பாக்கட்டும்" என்றாள் தனம். "மேல உன் டைரக்டரு பின்னாடிதான் நிக்கிறாரு. மொதல்ல அவரத்தான் பாப்பாரு."

தங்கை பெருமையோடு சொன்னாள். நானும் பெருமைப்பட்டேன். ஹேமா கவுன்சலிங்குக்குப் போனாள். இன்று சித்தூரில் ஓர் ஆய்வகத்தில் இரத்தம் பார்க்கிறாள். அவள் கேட்டபிறகு அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்திருப்பார்கள் என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. நான் அதைத் தேடவும் இல்லை.

8

என் டீ ஆறிப்போயிருந்தது. பிரசாத் குடித்து முடித்திருந்தான்.

இன்ஜினியர் பதவி கிடைக்காது, எலக்ட்ரீஷியனாகத் தொடரலாம், இந்தச் சான்றிதழை இனி எங்கும் நீட்டாதே, நீட்டினால் போலி ஆவணம் என்று வழக்கு வரும் என்று சொன்னேன். அவன் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. எங்கோ எதிர்பார்த்திருக்கிறான்.

"நாலு வருஷம் படிச்சேன் சார். பரிட்சைகூட எழுதினேன். நெஜமா எழுதினேன்."

"சேரும்போது யாரும் கேக்கலையா? அங்கீகாரம் இருக்கான்னு?"

"கேட்டாங்க சார். நானும் எங்க நைனாவும் போன அன்னிக்கு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நடுவுல நின்னுக்கினு, தெலுங்குல, தமிழ்ல, ரெண்டுலயும். மாடி முழுக்க கப்சிப்னு ஆயிடுச்சு."

அந்தப் பெண் எனக்கு யார் என்று நான் சொல்லவில்லை.

"அப்பறம்?"

"அது போனப்பறம் டைரக்டர் சார் வந்து எல்லார்க்கும் கூல்டிரிங்ஸ் குடுக்கச் சொன்னாரு. அந்தப் பொண்ணு மார்க்கு கம்மி, சீட்டு கெடைக்கலன்னு கலாட்டா பண்ணுதுன்னாரு. எங்க நைனாகூட சொன்னாரு, பொட்டப்புள்ளைக்கு இன்னா திமிரு பாருன்னு."

சான்றிதழை மடித்து உறையில் போட்டான். முன்பக்கத்துக் கோபுரம் கசங்காமல் பார்த்து மடித்தான்.

"கூல்டிரிங்ஸ குடிச்சிட்டு, நைனா அங்கீகாரம் குடுத்துட்டாரு சார்."